இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்து முந்நூறு பேர்: ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ வீடியோ விளையாட்டின் உரிமையைக் கையில் வைத்திருப்போர் கவனத்துக்கு,

அந்த விளையாட்டை உருவாக்கிய டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோ மூடப்படும் என்று 2024 மே 7 அன்று அறிவிப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட்டில், தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்த ஸ்டூடியோவையும் ‘ஹை-ஃபை ரஷ்’ விளையாட்டின் உரிமையையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ அந்தப் பேரத்தில் இல்லை, அது பழைய வீடான மைக்ரோசாஃப்டிடமே தங்கிவிட்டது. சமைத்தவர் ஒரு வீட்டுக்குப் போக, அவர் ஏற்றிய உலை இன்னொரு வீட்டு அடுப்பில் நிற்பதுபோல் ஆயிற்று நிலைமை. நிறுவனங்கள் கைமாறுவது வணிகத்தில் இயல்பு என்பது எனக்குத் தெரியும். நான் ஏற்க மறுப்பது அதற்குப் பின்னால் வந்த மௌனத்தை. இந்த விளையாட்டு உலகத்துக்குத் தொடர்ச்சி உண்டா, இல்லையா, இருப்பதையாவது யார் பராமரிக்கப் போகிறார்கள் என்பது பற்றி உங்களிடமிருந்து ஒரு சொல்கூட என் காதுக்கு எட்டவில்லை.

நான் டோக்கியோவின் எதோகவா வட்டத்தில், நிஷி-கசாயில் வசிக்கும் தமிழன். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அங்கே தோசாய் தடத்தில் ஏறி, ஓதேமாச்சியில் ஹன்ஸோமோன் தடத்துக்கு மாறினால், உங்கள் விளையாட்டு நடக்கும் ஷிபுயாவில் போய் இறங்கலாம். இம்மடலை ஆங்கிலத்திலோ, எனக்கு வரும் அரைகுறை ஜப்பானியத்திலோ எழுதியிருக்கலாம். ஆனால், ஒரு விளையாட்டில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று துல்லியமாகச் சொல்ல எனக்குத் தெரிந்த மொழி தமிழ்தான். மொழிபெயர்ப்பதற்கு உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். விளையாட்டை நான் இருமுறை முடித்தேன்: 2022 மார்ச் 25 அன்று வெளியானதும் பிளேஸ்டேஷன் 5-இல் ஒருமுறை, 2023 ஏப்ரலில் புதுப்பிப்பு வந்த பிறகு கணினியில் மற்றொரு முறை. கீழே எழுதுவதெல்லாம் அந்த இரண்டு முறைகளில் கண்டவை.

முதலில், உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பனைக் கணக்கில் அது தெரியாது.

2020 ஏப்ரல் 7 அன்று டோக்கியோவில் பெருந்தொற்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த வாரம், தவிர்க்க முடியாத ஒரு வேலைக்காக நான் ஷிபுயாவுக்குப் போக நேர்ந்தது. உலகமே படம்பிடிக்கும் அந்தக் குறுக்குச் சந்தியில், விளக்கு பச்சைக்கு மாறியபோது என்னோடு சாலையைக் கடந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். சுற்றியிருந்த பெரிய திரைகளில் விளம்பரங்கள் யாருக்கென்றில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. விளக்கு மீண்டும் சிவப்புக்கு மாறியது. நிற்க ஆளில்லாத இடத்தில் சாலை விதி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பயம் என்று அதைச் சொல்ல மாட்டேன். நகரம் நம்மைக் கவனிக்காமல் தன்பாட்டுக்கு நடக்கிறது என்ற கூச்சம் அது.

இரண்டு ஆண்டு கழித்து, உங்கள் விளையாட்டின் முதல் பத்து நிமிடங்களில் அதே சந்தியில் நின்றேன். மூடுபனி வந்து மக்களை விழுங்கிவிட்ட ஷிபுயா. நடந்துகொண்டிருந்தவர்கள் இருந்த இடத்தில் அவர்களின் உடைகள் மட்டும் குவியலாகக் கிடக்கின்றன. பக்கத்தில் விரித்த குடை, கைப்பை, கைப்பேசி. காரின் முன்விளக்குகள் எரிகின்றன. கடைகளுக்குள் வெளிச்சம் இருக்கிறது. 2019 ஜூனில் இ3 என்னும் விளையாட்டுக் கண்காட்சி மேடையில், அப்போதைய படைப்பு இயக்குநர் இகுமி நகமுரா இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தியபோது பெருந்தொற்று என்ற ஒன்று எவர் கற்பனையிலும் இல்லை. ஆகவே இது செய்திகளைப் பார்த்து வரைந்த காட்சி அல்ல. ஆளற்ற நகரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தவர்கள் வரைந்தது. அவர்கள் யோசித்தது சரியாக இருந்தது என்பதற்கு அந்தச் சந்தியில் நின்ற நான் சாட்சி.

தெருவின் துல்லியத்தை இந்த ஊரில் வாழ்பவர்கள் உடனே உணர்வார்கள். மழை நனைத்த தாரில் எதிரொளிக்கும் பலகை விளக்குகள், ஆறடி அகலச் சந்துக்குள் சாய்த்து நிறுத்திய மிதிவண்டிகள், அடுக்குமாடிகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கி நிற்கும் சிறிய கோவில், கூரைமீது தண்ணீர்த் தொட்டியும் குளிரூட்டிப் பெட்டிகளும். நிலப்படத்தை நீங்கள் அப்படியே பின்பற்றவில்லை. மினாதோ வட்டத்தில் நிற்கும் 333 மீட்டர் டோக்கியோ கோபுரத்தை ஷிபுயாவின் பக்கத்து வீடுபோல் இழுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் எனக்குக் குறையில்லை. தூரம் பொய்யாக இருந்தாலும் வாசல்படி உண்மையாக இருக்கிறது. அசல் ஷிபுயாவோ ஆண்டுக்காண்டு இடிபட்டு எழுகிறது. நிலையத்தை ஒட்டியிருந்த தோக்யு பல்பொருள் அங்காடி 2020 மார்ச் இறுதியில் கதவடைத்தது, அந்தப் பக்கம் பாரந்தூக்கிகள் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. உங்கள் விளையாட்டில் இருப்பது இனித் திரும்பாத ஒரு சில ஆண்டுகளின் நகரம்.

அடுத்தது நம்பிக்கைகள். யோகாய் என்னும் ஜப்பானிய நாட்டார் ஆவியுருக்களைக் கொண்டு விளையாட்டு செய்தவர்கள் பலர். பெரும்பாலும் அவை வெட்டுவதற்கு வாகான உருவங்களாக மட்டுமே நிற்கும். உங்கள் விளையாட்டில் அவற்றுக்கு வீடும் வேலையும் இருக்கின்றன. வால் இரண்டாகப் பிரிந்த நெகோமதா பூனைகள் ஆளில்லாத கடைகளில் கல்லாவில் மிதந்தபடி வணிகம் செய்கின்றன. நீரில் வாழும் கப்பாவைப் பிடிக்க வேண்டுமென்றால் வெள்ளரிக்காய் வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தனுகி என்னும் காட்டு விலங்குகள் ஏதாவது ஒரு பொருளாக உருமாறி நிற்கின்றன. வாலை மறைக்க மட்டும் அவற்றுக்குத் தெரிவதில்லை. கட்டடத்தின் உச்சியில் வட்டமிடும் தெங்கு என்னும் பறக்கும் யோகாயின் மீது கயிற்றை எறிந்துதான் கூரைக்கு ஏற வேண்டும். தெருநாய்க்குத் தீனி போட்டால் அதன் மனம் பேசுவது கேட்கிறது. கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டு காகிதம் கேட்கும் ஆவிகூட உண்டு. அந்தப் பணியைச் செய்தபோது நான் சத்தமாகச் சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

என் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார்; வடக்கே இவாதே மாகாணத்துக்காரர், விளையாட்டுகளில் துளியும் ஆர்வமில்லாதவர். ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்திருந்தவர், நான் ஆடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூதாட்டி ஒருவரின் ஆவி, தன் வீட்டை விட்டுப் போன ஜாஷிகி வராஷியைத் தேடித் தரச் சொல்லும் கிளைப்பணி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் தங்கினால் செழிப்பு, வெளியேறினால் சரிவு என்று நம்பப்படும் குழந்தை உருவம் அது. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தன் பாட்டி வீட்டின் உள்ளறையில் அதற்காகச் சிவப்புக் காராமணிச் சோறு வைப்பார்கள் என்றும், சிறுவனாக இருந்தபோது அந்த அறைக்குள் ஓடினால் திட்டு விழும் என்றும் சொன்னார். ஆறு ஆண்டுகள் ஒரே வரிசை மேசையில் உட்கார்ந்தும் அவர் பாட்டியைப் பற்றி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. வேலை செய்த ஒருவர், ஒரு கிளைப்பணிக்கு ஒதுக்கப்பட்ட சில நாட்களில், இவ்வளவு சரியாக அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரிகளின் உருவத்திலும் இதே அக்கறை தெரிகிறது. கறுப்புக் கோட்டும் குடையுமாக முகமில்லாமல் வரிசையில் நடந்து வருபவை, வேலையில் நைந்துபோன மனங்களிலிருந்து பிறந்தவை. தலையில்லாத பள்ளிச் சீருடைகள், வருங்காலத்தை எண்ணிக் கலங்கும் மாணவர்களின் துயரத்திலிருந்து பிறந்தவை. இரவு பதினொன்றரை மணித் தொடர்வண்டியில் நின்றபடியே தூங்கும் கோட்டுக்காரர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்த முதல் குடைக்காரர் தெருமுனையில் திரும்பி வந்தபோது அம்பைத் தொடுக்கக் கை உடனே எழவில்லை.

ஆடும் கைகளுக்குக் கிடைக்கும் இன்பத்தையும் சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் விரல்களை வைத்தது துணிச்சலான முடிவு. கூஜி என்னும் மந்திரக் கைமுத்திரைகளை ஒட்டி அமைத்த கையசைவுகளில் காற்று பச்சையாகத் தெறிக்கிறது, நீர் அகன்ற வீச்சாக வெட்டுகிறது, நெருப்பு தூரத்தில் போய் வெடிக்கிறது. எதிரி தளர்ந்ததும் அதன் நெஞ்சுக்குள்ளிருக்கும் உள்ளுருவை ஒளிநூல்களால் சுற்றி இழுக்கும்போது, கண்ட்ரோலர் கைக்குள் இறுகி அதிர்கிறது. கதைநாயகன் அகிதோவின் உடலுக்குள் புகுந்திருக்கும் ஆவியான கே.கே.யின் குரல் தொலைக்காட்சியில் வராமல் அந்தக் கண்ட்ரோலரின் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஓர் உடலில் இரண்டு உயிர் என்ற கதையைக் கருவியைக் கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனையையும் செய்தவர்கள் அதன்மீது ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்திருப்பதுதான் என் முதல் குறை. மற்ற குறைகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

மறைந்துபோன மக்களின் ஆவிகள் நீல நிறத்தில் தெருவெங்கும் மிதக்கின்றன. கதாஷிரோ என்னும் காகிதப் பொம்மைக்குள் அவற்றை ஈர்த்து, பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குக் கொண்டுபோய், கம்பி வழியாக நகரத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். கற்பனையாக எண்ணிப் பார்த்தால் இதைவிட அழகான ஏற்பாடு இருக்க முடியாது: யாரும் தொடாத பொதுத் தொலைபேசி, காகிதத்தில் மடிந்த உயிர், அந்தப் பக்கம் காத்திருக்கும் ஒருவர். ஆனால் ஆடும்போது நடப்பது வேறு. ரிசீவரை எடுத்ததும் திரையில் எண்கள் ஓடுகின்றன. இத்தனை ஆவி, இத்தனை அனுபவப் புள்ளி, இத்தனை மெய்கா காசு. காப்பாற்ற வேண்டிய மொத்த எண்ணிக்கை 2,40,300. முதல் சில ஆயிரம் வரை அவர்கள் மனிதர்களாக இருந்தார்கள். அதற்குப் பிறகு என் கண் அந்த நீல உருவங்களைப் பார்க்கவில்லை, விழுக்காட்டைப் பார்த்தது. காகிதப் பொம்மைகள் நிரம்பிவிட்டால் கூண்டுக்கு ஓடுவது, கொட்டுவது, திரும்ப வருவது. குப்பை வண்டி ஓட்டுபவரின் தினப்படி வேலையும் அதுதான். அவராவது தெருவில் உள்ளவர்களை முகம் பார்த்து விசாரிப்பார்.

கதையோ முழுக்க முழுக்க ஒரேயொரு உயிரைப் பற்றியது. அகிதோ தன் தங்கை மாரி ஒருத்திக்காகத்தான் இந்த நகரத்துக்குள் ஓடுகிறான். ஹன்யா என்னும் பேய்முக முகமூடி அணிந்தவன் இத்தனை அழிவையும் செய்வது, இறந்துபோன தன் மனைவியையும் மகளையும் மீட்பதற்காக. ஒற்றை இழப்பு மனிதரை எதுவரை கொண்டுபோகும் என்று கேட்கும் ஒரு கதையை எழுதிவிட்டு, அதே கதைக்குள் இரண்டு இலட்சத்துச் சொச்சம் பேரைச் சில்லறைபோல் எண்ண வைத்தது யார் எடுத்த முடிவு? திறந்த உலகம் என்றால் இத்தனை மணி நேர வேலை இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் எழுதிவைத்த விதியாக இருக்கலாம் என்பது என் ஊகம். நான் கேட்டது மணிக்கணக்கு இல்லை. 2,40,300 பேருக்குப் பதிலாக 240 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் பாதியில் நின்ற ஒரு வாக்கியமும் இருந்திருந்தால், கடைசி ஆவி வரைக்கும் நான் தேடியிருப்பேன். கூண்டில் ரிசீவரை வைக்கும்போது ஒரு கணம் நின்றும் இருப்பேன்.

வரைபடமும் அப்படித்தான். மூடுபனியால் அடைபட்ட பகுதியில் தோரி என்னும் கோவில் முகப்பு வாயில் ஒன்றைத் தூய்மைப்படுத்தியதும் பனி விலகித் தெரு தெரிகிறது; அழகான தருணம் அது, ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடித்தது. அடுத்த நொடியே வரைபடத்தில் குறிகள் முளைக்கின்றன: ஜிசோ சிலை, கதாஷிரோ, யோகாய், பழம்பொருள், கிளைப்பணி, தனுகி. பனி மறைத்ததைவிடக் குறிகள் அதிகமாக மறைக்கின்றன என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டாம் முறை ஆடியபோது, முடிந்தவரை குறிகளைப் பொருட்படுத்தாமல் நடந்தேன். அந்த முறைதான் ஒரு சந்தின் கடைசியில் துணி காயப்போட்ட மாடத்தையும், அதன் கீழே பூட்டாத மிதிவண்டியையும் பார்த்தேன். பதிமூன்று மணி நேரம் ஓடி முடித்த முதல் முறையில் அதே சந்தை எத்தனை தடவை கடந்தேன் என்று தெரியாது.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் குறையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். கையசைவுகளின் மகிழ்ச்சி மூன்றாம் அத்தியாயத்தோடு தீர்ந்துவிடுகிறது. புதிய எதிரிகள் என்று வருபவை பெரும்பாலும் பழையவற்றின் பருத்த அல்லது உயர்ந்த வடிவங்கள். வித்தையும் ஒன்றுதான், பின்னால் நகர்ந்துகொண்டே காற்றை எறிவது. குனிந்து பின்பக்கமாகப் போனால் அநேகமாக எதையும் ஓசையின்றி முடித்துவிடலாம். ஆகவே சண்டையிட வேண்டிய தேவையே பல இடங்களில் இல்லை. அகிதோவின் நடை கனமாக இருக்கிறது, வெளியான புதிதில் குறிபார்க்கும் கைப்பிடி தாமதமாக அசைவதுபோல் உணர்ந்தேன். சில இடங்களில் கே.கே.யை அகிதோவிடமிருந்து பிரித்துவிடுகிறீர்கள். வில்லும் தாயத்துகளும் மட்டும் கையில் மிஞ்சும். ஆட்டமாகப் பார்த்தால் அந்தப் பகுதிகள் சப்பென்று இருக்கின்றன. ஆனால், கண்ட்ரோலரில் அந்தக் குரல் நின்றுபோன அமைதி இருக்கிறதே, அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வில்லை மட்டும் சரிசெய்திருந்தால் போதும்.

இன்னொன்று, வசனம். நல்ல வசனங்களில் பாதி சண்டைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் பேசப்படுகின்றன. காதில் ஜப்பானியம், கண்ணில் ஆங்கில வரி, மனத்துக்குள் தமிழ் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்பவனுக்கு, எதிரி குடையை வீசும் நொடியில் திரையின் அடியில் ஓடும் சிறிய எழுத்தைப் படிக்க முடிவதில்லை. அதைத் திரும்பப் படிக்க ஒரு வழியும் எனக்குத் தென்படவில்லை. கே.கே. தன் வேலைக்காக மனைவியையும் மகனையும் விட்டு விலகிப்போனவர் என்பதன் கனம் முதல்முறை எனக்குச் சரியாக வந்து சேராததற்கு இதுதான் காரணம். ஹன்யாவின் துயரமோ அதைவிட மோசமாகக் கையாளப்பட்டது. விளையாட்டு முழுதும் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, கடைசியில் கொட்டித் தீர்க்கப்படுகிறது. ஆவி எண்ணிய மணி நேரத்தில் கால்பங்கை அவனுக்குக் கொடுத்திருந்தால், எதிரி யார் என்பது நமக்கு விளங்கியிருக்கும்.

2023 ஏப்ரல் 12 அன்று எக்ஸ்பாக்ஸ் பதிப்போடு சேர்ந்து எல்லோருக்கும் இலவசமாக வந்த புதுப்பிப்பை இங்கே நினைவூட்டுகிறேன். அதில் இரண்டு முக்கியமான சேர்க்கைகள் இருந்தன. ஒன்று, முப்பது கட்டங்களைத் தாண்டிச் செல்லும் தனி ஆட்ட முறை, தோற்றால் முதலிலிருந்து. சண்டையை மட்டும் விரும்புவோருக்கு அது நல்லது, எனக்கு அரைநாளில் அலுத்தது. மற்றொன்று, இரவில் தனியாகச் சுற்றிவரும் ஒரு நடுநிலைப் பள்ளிக் கட்டடம். எண்ணுவதற்கு அங்கே ஏதுமில்லை. நீண்ட தாழ்வாரம், வகுப்பறைக் கதவுகள், தொலைவில் ஒரு சத்தம், கையில் பிடித்த மூச்சு. விளையாட்டு முழுவதிலும் நான் உண்மையாகவே நின்று யோசித்துக் கதவைத் திறந்த இடம் அதுதான். ஆக, எது குறை, எதை நோக்கிப் போக வேண்டும் என்பதைச் செய்தவர்களே ஏறத்தாழ ஓராண்டில் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே அவர்கள் ஸ்டூடியோ மூடப்பட்டது.

அதே புதுப்பிப்பு கணினிப் பதிப்புக்கு டெனுவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டையும் கொண்டுவந்தது. ஓராண்டுக்கு முன்பே விலைகொடுத்து வாங்கியவர்கள் வைத்திருக்கும் பொருளில், கேட்காமல், பின்னாளில் மாட்டும் பூட்டு யாருக்கு எதிரானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு பெரிய அச்சம் எனக்கு உண்டு. இப்படியொரு முடிவுக்குப் பிறகு, உங்களைப் போன்ற நிறுவனங்களின் கூட்டங்களில் எழுதப்படும் குறிப்பு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: நாட்டார் நம்பிக்கைகளை வைத்துச் செய்யும் தனியாள் விளையாட்டுக்குச் சந்தை போதவில்லை. அது தவறான கணிப்பு. அலுப்பூட்டியவை நம்பிக்கைகள் அல்ல. வெள்ளரிக்காய் வைத்துக் காத்திருந்த மூன்று நிமிடங்களில் ஒரு நொடிகூட எனக்கு அலுக்கவில்லை. நூறாவது கூண்டில் ரிசீவரை எடுத்தபோதுதான் கொட்டாவி வந்தது. முதலாவது அந்த ஊரைத் தெரிந்தவர்கள் செய்தது. இரண்டாவதை எந்த ஊர் விளையாட்டிலும் ஒட்டலாம், எல்லாவற்றிலும் ஒட்டப்பட்டுமிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

இந்த விளையாட்டின் எதிர்காலம் குறித்து உங்கள் முடிவை வெளிப்படையாக அறிவியுங்கள். தொடர்ச்சி செய்யப்போவதில்லை என்பதே முடிவானால் அதையும் சொல்லுங்கள். காத்திருப்பவர்கள் காத்திருப்பதை நிறுத்திக்கொள்வார்கள்.

செய்யப்போவதில்லை என்றால், உரிமையை அதைச் செய்தவர்களிடமே விற்கவோ, உரிமம் மூலம் வழங்கவோ முன்வாருங்கள். இயக்கிய கென்ஜி கிமுராவும் அவருடன் உழைத்தவர்களும் இன்று எங்கெங்கே பணியாற்றுகிறார்களோ, அவர்களை முதலில் கேளுங்கள். ஸ்டூடியோவை நிறுவிய ஷின்ஜி மிகாமி 2023-இலேயே விலகிவிட்டார், நகமுரா 2019 செப்டம்பரிலேயே விலகினார்; இந்த விளையாட்டை இவ்வாறு உருவாக்கியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறது. தாமதம் செய்யச் செய்ய, கொடுக்க நினைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளிருக்காது.

நீங்களே அடுத்த பாகத்தைச் செய்வதாக இருந்தால், திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே சேகரிப்பு எண்ணிக்கையை எடுத்துவிட்டு, அந்த உழைப்பைக் கிளைக்கதைகளுக்கும் பள்ளிக் கட்டடம் போன்ற இடங்களுக்கும் மாற்றுங்கள். வரைபடக் குறிகளை ஆடுபவரே கேட்டால் மட்டும் காட்டுங்கள். யோகாய்களைப் பற்றிய குறிப்புகளை எழுதியவர்களுக்குக் கூடுதல் ஆட்களும் கூடுதல் நாட்களும் கொடுங்கள்.

இப்போது விற்பனையில் இருக்கும் பதிப்புக்கு ஒரு சிறிய குழுவையாவது ஒதுக்கி, பேசி முடிந்த வசனங்களைத் திரும்பப் படிக்கும் வசதியையும் எழுத்தைப் பெரிதாக்கும் அளவுகளையும் சேருங்கள். ஏற்கெனவே விற்ற பொருளில் பின்னாளில் பூட்டு மாட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். கணினிக் கடையிலிருந்தும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகளிலிருந்தும் இந்த விளையாட்டை எடுக்கும் எண்ணம் வந்தால், குறைந்தது ஓராண்டுக்கு முன்பாக அறிவியுங்கள். வாங்கியவர்கள் இணையத் தொடர்பு இல்லாமலும் ஆடக்கூடிய ஒரு பிரதியை, எந்தப் பூட்டும் இல்லாமல், அந்த ஓராண்டுக்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஜாஷிகி வராஷியின் கிளைப்பணியை எழுதியவர் யாரோ, அவரிடம் ஒரு செய்தியைச் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். இவாதேக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். பாட்டி வீட்டின் உள்ளறை இன்னும் இருக்கிறதா என்று தன் அண்ணனிடம் விசாரித்தார், இருக்கிறதாம்.

இப்படிக்கு,
நிஷி-கசாயிலிருந்து ஓர் ஆட்டக்காரன்